யாருடைய வக்கீல்? காட்பாடி வீட்டுக் கிரயம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வாங்க வந்தவர்கள் கணவன் மனைவி. மனைவி வேலூரில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். அவர்கள் பார்த்து வைத்தது காட்பாடி பக்கம் நான்கு சென்ட் மனையும் அதில் நிற்கும் பழைய தளம் போட்ட வீடும். பேசி முடித்த விலை 52 லட்சம். விற்பவர் நாற்பதைத் தொடும் வயதுக்காரர். தாத்தா வாங்கிய இடம், அப்பா வழியாக அவருக்கு வந்தது. பல வருடம் வங்கியில் வீட்டுக் கடன் ஃபைல்களைப் புரட்டியவன் என்பதால் இரண்டு தரப்பும் என்னிடம் பேசினார்கள், காகிதங்களையும் காட்டினார்கள். பெயர், தெரு, சர்வே எண் எதையும் இங்கே எழுதப் போவதில்லை.

2025இல் நடந்த இந்தக் கிரயத்தில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. போலிப் பத்திரம் இல்லை, ஆள்மாறாட்டம் இல்லை. எல்லாக் காகிதமும் உண்மையானது. இரண்டு வக்கீல்கள் அதே காகிதங்களைப் பார்த்தார்கள். ஒருவர் "தாராளமா வாங்கலாம்" என்றார், இன்னொருவர் "இப்ப அட்வான்ஸ் கொடுக்காதீங்க" என்றார். இவ்வளவு பெரிய வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காகிதங்கள்

விற்பவர் கொடுத்த கட்டில் இருந்தவை: அப்பா அவருக்கு எழுதிக் கொடுத்த 2010ஆம் வருட தான செட்டில்மென்ட் பத்திரம், 1994இல் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், கூட்டுப் பட்டா நகல், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, முப்பது வருட வில்லங்கச் சான்று (ஈசி). ஈசியில் 1995 முதல் பார்த்தால் ஒரே ஒரு பதிவுதான், 2010 செட்டில்மென்ட். அடமானம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கோர்ட் ஜப்தி இல்லை. கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படியான ஈசி.

புரோக்கர் அப்போதே ஒரு வக்கீலை வைத்து லீகல் பார்த்து முடித்திருந்தார். ஒன்றரைப் பக்கக் கருத்துரை. 1994 பாகப்பிரிவினையில் இந்தச் சொத்து மூத்த மகனுக்கு ஒதுக்கப்பட்டது, அவர் 2010இல் தன் மகனுக்குக் கொடுத்தார், அதற்குப் பிறகு வில்லங்கம் இல்லை, ஆகவே உரிமை மூலம், அதாவது சொத்து கைமாறி வந்த வழி, சரி. இவ்வளவுதான் அதில். இருபது ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று புரோக்கர் அவசரப்படுத்தினார். மனைவி பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறையும் என்று ஒரு ஆசையும் காட்டினார். 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்கு அந்தச் சலுகை உண்டுதான், ஆனால் சொத்து மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும். 52 லட்சம் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புரோக்கர்கள் இப்படிப் பாதிச் செய்தியைச் சொல்வது புதிதல்ல.

மனைவி அந்த வக்கீலுக்கு ஃபோன் போட்டு, "சார், உங்க ஃபீஸ் நாங்க எவ்வளவு தரணும்?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் வேணாம்மா, புரோக்கர் பார்த்துக்குவார்" என்று பதில் வந்தது. பணம் மிச்சம் என்று கணவருக்குச் சந்தோஷம். மனைவிக்கு அங்கேதான் உறுத்தியது. நம் சொத்தைப் பார்த்துச் சொல்கிறவருக்கு, கிரயம் நடந்தால்தான் கமிஷன் கிடைக்கும் என்கிற ஆள் எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்?

அந்த முதல் வக்கீலைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி, "இது பதிவாகுமா?" என்பது. பதிவாகும். அவர் சொன்னது அந்த அளவில் சரி. வாங்குகிறவருக்கு வேண்டியது வேறு கேள்விக்கான பதில்: பதிவான பிறகு இது என்னிடம் நிற்குமா? சார்பதிவாளர் அலுவலகம் இந்தக் கேள்விக்குள் நுழைவதே இல்லை. முந்தைய உரிமைப் பத்திரத்தின் அசலைக் காட்டினால்தான் பதிவு என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(i)ஐ 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதைத்தான் சொன்னது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல. "ரிஜிஸ்டர் ஆகிடுச்சு, அப்புறம் என்ன?" என்று வேலூரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். பதிவானது பத்திரம். உரிமை தனி விஷயம்.

இரண்டாவது வக்கீலைத் தேடியது

முதலில் நினைவுக்கு வந்தவர் சென்னையில் ஹைகோர்ட்டில் இருக்கும் ஒரு உறவினர். நல்ல மனிதர், பெரும்பாலும் கிரிமினல் வழக்குகள். "வாட்ஸாப்ல அனுப்பு, பார்த்துச் சொல்றேன்" என்றார். வாட்ஸாப்பில் லீகல் பார்ப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம். எந்தக் காகிதம் இல்லை என்பது படத்தில் தெரியாது.

அடுத்தது, எப்படியும் கடன் வாங்கப் போகிறோம், வங்கியின் பேனல் வக்கீல் பார்ப்பாரே என்ற சமாதானம். இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பேனல் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார், அவருடைய கட்சிக்காரர் வங்கிதான். கடன் திரும்ப வருமா என்பதுதான் அங்கே கவலை. வங்கிக்கு உங்கள் சம்பளமும் ஜாமீனும்கூடக் கையில் இருக்கும், உங்களுக்கு அந்த வீடு மட்டும்தான். தவிர, பேனல் வக்கீல் பார்ப்பதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும்.

பத்திரம் எழுதுகிறவரிடமே விட்டுவிடலாம் என்ற யோசனையும் வந்தது. பல வருட அனுபவமுள்ள எழுத்தர்கள் சிலருக்குத் தெரிந்த அளவு சில வக்கீல்களுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் தன் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு அவர்களுடையது அல்ல.

கடைசியில் ஆள் கிடைத்தது கணவரின் கம்பெனியில். உடன் வேலை பார்க்கும் ஒருவருடைய குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்புக்கு வாதாடுகிறவரைப் பற்றி அவர் புலம்பிக்கொண்டே இருப்பார்: "அந்த ஆள் ஒரு காகிதம் விடமாட்டேங்கிறார், முப்பது வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்க சர்டிபிகேட்டெல்லாம் கேட்கிறார்." புலம்பலைக் கேட்ட கணவர் அந்த வக்கீலையே போய்ப் பார்த்தார். சத்துவாச்சாரி கோர்ட்டில் சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்கிறவர், ஐம்பது வயதுக்கு மேல்.

இது நல்ல வழி என்று நினைக்கிறேன். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, போர்டு பார்த்து ஆளைப் பிடிக்க முடியாது. வாய்வழிப் பெயர்தான் ஒரே வழி. அதிலும் ஜெயித்த கட்சிக்காரர் சொல்லும் புகழைவிட, எதிரில் நின்று அவதிப்பட்டவர் சொல்லும் வசைக்கு மதிப்பு அதிகம். இன்னொன்று: பத்திரப் பதிவை மட்டுமே செய்கிறவரைவிட, பாகப்பிரிவினை வழக்கும், உரிமை யாருடையது என்று கோர்ட்டை அறிவிக்கக் கேட்கும் விளம்புகை வழக்கும் நடத்துகிறவருக்குத்தான் ஒரு உரிமை மூலம் எந்த இடத்தில் உடையும் என்று தெரியும். உடைந்ததைத் தினமும் பார்க்கிறவர் அவர்.

முதல் சந்திப்பில் அவர்கள் கேட்டவை சாதாரணக் கேள்விகள். விற்பவரையோ புரோக்கரையோ உங்களுக்குத் தெரியுமா? கருத்துரை எழுத்தில் தருவீர்களா, எந்தெந்தக் காகிதத்தின் அசலைப் பார்த்தீர்கள் என்று அதில் எழுதுவீர்களா? பழைய பதிவுகளைத் தேடப்போவது நீங்களா, குமாஸ்தாவா? ஃபீஸ் எவ்வளவு, அதில் எதெல்லாம் அடங்கும்? அவர் 18,000 ரூபாய் சொன்னார். கருத்துரை, கிரய ஒப்பந்தம், கிரயப் பத்திரம் எழுதுவது, பதிவு நாளில் கூட வருவது எல்லாம் சேர்த்து. நகல், தேடுதல் செலவு தனி. கிரயம் நடக்காமல் போனாலும் கருத்துரைக்கான பாதித் தொகையைக் கொடுத்துவிட வேண்டும் என்றார். கணவருக்கு அது கறாராகப் பட்டது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. கிரயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தனக்குக் கூலி உண்டு என்றால்தான், "வேண்டாம்" என்று சொல்ல ஒருவருக்கு வாய் வரும்.

ஒரு வரி

பாகப்பிரிவினைப் பத்திரத்தின் முகப்பை அவர் விரல் வைத்துப் படித்தாராம். தகப்பனார் 1974இல் சுயமாகக் கிரயம் வாங்கி அனுபவித்து வந்தார், 1991இல் காலமாகிவிட்டார், ஆகவே அவர் வாரிசுகளாகிய நாம் பிரித்துக்கொள்கிறோம் என்று இருந்தது. கையெழுத்து போட்டவர்கள் மூன்று பேர்: மனைவி, இரண்டு மகன்கள். எட்டு சென்ட்டை மகன்கள் ஆளுக்கு நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, கடைசி வரை வீட்டில் இருக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார்.

"பொம்பளப் பிள்ளைங்க இல்லையா?" என்று வக்கீல் கேட்டார். வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்தே விற்பவருக்கு ஃபோன். "ரெண்டு அத்தை இருந்தாங்க சார். ஒருத்தங்க குடியாத்தத்துல. சின்ன அத்தையைச் சித்தூர்ல கொடுத்தாங்க, அவங்க தவறிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அப்பவே சீர் செனத்தி எல்லாம் செஞ்சாச்சு சார், அவங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது."

அவர் மனதாரச் சொன்னார். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இது நம்பிக்கை மட்டுமல்ல, நியாயமும்கூட. சட்டத்தில் சீர் என்பது பங்கைத் தீர்க்கும் கணக்கு அல்ல.

விஷயம் புரோக்கர் வழியாக முதல் வக்கீலுக்குப் போனது. அவர் ஒரு வாதத்தோடு வந்தார், அதுவும் சும்மா தள்ளிவிடும் வாதம் அல்ல. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டுத் திருத்தம் 1989இல் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது, இரண்டு அத்தைகளுக்கும் அதற்கு முன்பே திருமணம் முடிந்தது. பிறகு கல்யாணமான மகள்களுக்கும் அந்தப் பங்கைத் தந்த 2005 மத்தியத் திருத்தமும், அதை விளக்கிய உச்ச நீதிமன்றத்தின் 2020 வினீதா சர்மா தீர்ப்பும், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொடாது. இங்கே பாகப்பிரிவினை 1994இல். ஆகவே அத்தைகளுக்கு எதுவும் இல்லை.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதில் சொன்ன தேதிகளும் சரி. ஆனால் அந்த மூன்றும் பிதுரார்ஜிதக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. இங்கே சொத்து தாத்தா தன் பணத்தில் வாங்கியது, பத்திரமே அப்படித்தான் சொல்கிறது. உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால் அவருடைய சுயார்ஜிதச் சொத்து 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எப்போது ஆனது என்ற கேள்வியே அங்கே கிடையாது. 1991இல் தாத்தா கண் மூடிய அன்றே ஐந்து பேருக்கு ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. மூன்று பேர் கையெழுத்துப் போட்ட பத்திரம் மற்ற இருவரைக் கட்டுப்படுத்தாது. 52 லட்சத்தில் ஐந்தில் இரண்டு என்றால் 20 லட்சத்து 80 ஆயிரம்.

இத்தனை வருடம் கேட்காமல் இருந்தார்களே, உரிமை போயிருக்காதா? வாங்குகிறவர்கள் கேட்டதும் இதுதான். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் பார்க்கும். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி, அவர்கள் அறிய எதிராக அனுபவித்தேன் என்று விற்பவர் பக்கம் நிரூபிக்க வேண்டும். சில வழக்குகளில் நிரூபிக்கவும் செய்திருக்கிறார்கள். வக்கீல் சொன்னதை மனைவி அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறார்: "கேஸ் வந்தா ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்மா. ஆனா நீங்க வாங்க வந்தது வீடு, கேஸ் இல்ல."

இந்த ஓட்டையை ஈசி காட்டாது. வாரிசுரிமை பதிவாகும் சமாச்சாரம் அல்ல, சாவோடு தானாக நடப்பது. பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நிலுவையில் இருக்கும் வழக்கு இவையும் பெரும்பாலும் அதில் வராது. இந்த விஷயத்தில் இன்னொரு வேடிக்கை: முப்பது வருட ஈசி 1995இல் தொடங்குகிறது, சிக்கலான பத்திரம் 1994இல் இருக்கிறது.

அதனால் அவர் 1974 வரைக்கும் பின்னால் போனார். இங்கேதான் உள்ளூர் ஆள் என்பதற்கு அர்த்தம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருக்கும். 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்து போனது, மிச்சம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. மாவட்டம் மட்டுமல்ல, கிராமங்கள் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டதும் உண்டு. இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடினால், பழைய அலுவலகப் புத்தகத்தில் கிடக்கும் அடமானமோ கிரயமோ கண்ணில் படாது. எந்தக் கிராமம் எப்போது எங்கே இருந்தது என்பது அவருடைய குமாஸ்தாவுக்கு மனப்பாடம். கையால் எழுதிய அட்டவணைகளில் தேடச் சொல்லி மனு போட்டு, 1974 கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் வாங்கினார்கள். தாத்தா வாங்கியது சுத்தமாக இருந்தது. ஆக, ஓட்டை ஒன்றே ஒன்றுதான்.

கையெழுத்துகள்

அவர் கேட்டவை: தாத்தாவுக்கும் சின்ன அத்தைக்கும் இறப்புச் சான்று, இருவருக்கும் வாரிசு சான்று. பிறகு பெரிய அத்தை, சின்ன அத்தையின் கணவர், மகன், மகள் நால்வரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட்டு அதற்கொரு செலவு செய்ய வேண்டாம், விற்பவர்களாகவே சேர்த்துவிடலாம் என்றார்.

விற்பவர் கோபப்பட்டார். வேறு பார்ட்டி பார்த்துக்கொள்கிறேன் என்றார். சில வாரம் பேச்சே இல்லை. அப்புறம் அவரே வந்தார். வேறு பார்ட்டியின் வக்கீலும் இதையே கேட்டிருக்கலாம், அல்லது குடியாத்தத்து அத்தை எதிர்ப்புச் சொல்லாததால் தைரியம் வந்திருக்கலாம். பெரிய அத்தைக்கு எந்தத் தயக்கமும் இல்லை. "அண்ணன் புள்ள கேட்டா போடமாட்டேனா" என்றாராம். சித்தூர் பக்கத்தில்தான் இழுபறி. அம்மாவுக்கு உரியதை ஏன் சும்மா விட வேண்டும் என்று மகன் கேட்டார், கேட்டதில் தப்பில்லை. பெங்களூரில் வேலை பார்ப்பவர், வர நேரமில்லை, பவர் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார்.

இந்தப் பேரத்தில் வாங்குகிறவர்களின் வக்கீல் தலையிடவே இல்லை. விற்பவர் நேரில் வந்து "நீங்களே பேசி முடிச்சுக் கொடுங்க சார்" என்று கேட்டபோது, நான் அவர்களுடைய வக்கீல், உங்களுக்கு யோசனை சொல்ல முடியாது, உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். பவர் விஷயத்திலும் பிடிவாதம். பவர் சட்டப்படி செல்லும், ஆனால் எழுதிக் கொடுத்தவர் பதிவு நாளில் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று வேண்டும், நாளைக்கு அதை ரத்து செய்தேன் என்று ஒரு பேச்சு வரும். பங்கு கேட்டவரே நேரில் வந்து கைரேகை வைத்துவிட்டுப் போகட்டும் என்றார். குடும்பத்துக்குள் ஒரு தொகை பேசி முடித்தார்கள். எவ்வளவு என்பது அவர்கள் சமாச்சாரம். மொத்த விலை மாறவில்லை, விற்பவர் தன் பங்கிலிருந்து கொடுத்தார்.

எல்லாரும் சம்மதம் சொன்ன பிறகுதான் கிரய ஒப்பந்தம் எழுதினார்கள், பதிவும் செய்தார்கள். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். புரோக்கர் சொன்ன இருபது ரூபாய் காகிதம் அந்தக் கணக்கில் வராது. அட்வான்ஸ் ஐந்து லட்சத்துக்குப் பதில் இரண்டு லட்சம். சொன்ன நபர்களில் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்று ஒரு ஷரத்து.

முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 4,68,000 ரூபாய். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீத வருமான வரியை வாங்குகிறவர் பிடித்துக் கட்ட வேண்டும், பணம் யாருக்குப் போகிறதோ அவரவர் பான் எண்ணில். பெரிய அத்தைக்குப் பான் அட்டையே இல்லை. பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதை வாங்கும்வரை பதிவு தள்ளிப்போனது.

இரண்டாவது வக்கீலும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார் என்று சொல்ல முடியாது. மாநகராட்சியில் சொத்து வரி சில அரையாண்டுகள் பாக்கி இருந்தது. கட்டில் இருந்த ரசீது பழையது, அதன் தேதியை அவர் கவனிக்கவில்லை. மனைவிதான் இணையத்தில் பார்த்துப் பிடித்தார், விற்பவர் கட்டினார். ஃபோன் எடுக்கமாட்டார் என்ற குறையும் உண்டு, எதற்கும் குமாஸ்தாவைத்தான் பிடிக்க வேண்டும். கூட்டுப் பட்டாவை உட்பிரிவு செய்து வாங்கிக்கொண்டு பதிவுக்குப் போகலாமா என்று கணவர் கேட்டபோது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்னைக் கேட்டால் அதையும் விற்பவர் தலையிலேயே கட்டியிருக்க வேண்டும்.

ஒருவேளை முதல் கருத்துரையை நம்பி வாங்கி, பிறகு அத்தைகள் வழக்குப் போட்டிருந்தால் அந்த வக்கீலை என்ன செய்திருக்க முடியும்? வக்கீலின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் கோர்ட் கதவு மூடியாயிற்று. பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே விசாரிப்பது தொழில் நடத்தையை, போன பணம் அதனால் திரும்பாது. நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம், அதற்கு இன்னொரு வக்கீலைத் தேட வேண்டும். அதுவும் நீங்கள் அவருடைய கட்சிக்காரர் என்று முதலில் காட்ட வேண்டும். இவர்கள் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லையே.

பதிவு நாளில் சித்தூர்க்காரர்கள் மூவரும் காலையிலேயே வந்துவிட்டார்கள், மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. புரோக்கருக்குக் கமிஷன் முழுசாகவே கிடைத்தது. பட்டா உட்பிரிவுக்கு இவர்களே மனு போட்டார்கள். சர்வேயர் வந்து அளந்தபோது பக்கத்து நான்கு சென்ட்டின் சொந்தக்காரர், அதாவது இளைய மகனின் குடும்பம், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் பங்குக்கும் அதே 1994 பத்திரம்தான் மூலம். அவர்களும் இப்போது அந்த வக்கீலின் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.